புயல் கட்டடத்தில் ஒரு மீன் குழம்பு

கல்யாணச் சாப்பாட்டுக்காகக் கடல் தாண்டி வந்தவன் என்று யாராவது என்னைச் சொன்னால் மறுக்க மாட்டேன். மலேசியாவில், கிள்ளானில் நான் கார் ஏர்கண்டிஷன் பழுது பார்ப்பவன். என் கடைக்கு அடுத்த கடையில் ஜமால் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா வீசிக்கொண்டிருந்தான். அவன் கடையில் பசியாறாமல் நான் ஷட்டரைத் தூக்கியதில்லை. என் கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசாமல் அவன் வீடு போனதில்லை. எங்கள் பக்கம் வெள்ளம் வந்த வருஷம் இரண்டு கடையும் சேர்ந்தே மூழ்கின. நான் கழுவித் திறந்தேன். அவன் கழுவிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழக்கரைக்கே திரும்பிவிட்டான்.

இப்போது அவன் மகளுக்கு நிக்காஹ். "நீ வரலைன்னா பந்தலைப் பிரிச்சுப் போட்டுருவேன்" என்று போனில் மிரட்டினான். என் மனைவி சரோஜாவுக்கு முழங்கால் வலி. இரண்டு பேரும் போனால் வந்து யாரிடம் கதை சொல்வது, ஒருவர் போனால் போதும் என்று அவளே முடிவு செய்து என் பெட்டியையும் கட்டிவிட்டாள்.

கீழக்கரையில் முதல் நாளே என்னை நெய்ச்சோற்றின் முன்னால் உட்கார வைத்தார்கள். தனித்தனி இலை கிடையாது. சகன் என்று சொல்லும் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். என் தட்டில் என்னோடு, விடுமுறைக்கு வந்திருந்த ஒரு துபாய்க்காரர், பல் இல்லாத ஒரு பெரியவர், சிக்கல் என்கிற ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மிளகாய் விவசாயி. எனக்கு முதலில் கை கூசியது. எங்கள் ஊரில் மேஜைக்கு மேஜை தட்டை மறைத்துக்கொண்டு சாப்பிடுகிற காலம் இது. ஆனால் துபாய்க்காரர் நல்ல கறித்துண்டுகளைப் பார்த்துப் பார்த்து என் பக்கம் தள்ளினார். நான் அவற்றைப் பெரியவர் பக்கம் தள்ளினேன். பல் இல்லாத அவர் அவற்றை மறுபடி துபாய்க்காரர் பக்கம் தள்ளினார். கடைசியில் எல்லாத் துண்டையும் சிக்கல்காரர்தான் சாப்பிட்டார்.

அப்புறம் தொதல் என்கிற இனிப்பு வந்தது. எங்கள் மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கிண்டுகிற டோடோலின் அண்ணனோ தம்பியோ. அதே கறுப்பு, அதே ஒட்டல், அதே தேங்காய்ப்பால் வாசம். யார் யாரிடம் கற்றார்கள் என்று துபாய்க்காரரும் நானும் சற்று நேரம் வாதாடினோம். கப்பல் இரண்டு பக்கமும்தானே போகும் என்று பெரியவர் முடித்துவைத்தார்.

சாப்பிட்ட தெம்பில் நான் ஒரு காரியம் செய்தேன். ஜமாலின் சமையலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மீன் குழம்பில் மட்டும் அவன் எனக்குக் கீழேதான் என்று சொல்லிவிட்டேன். மலேசியாவில் நாங்கள் வைக்கிற மாதிரி, வெண்டைக்காய் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் தெருவே வந்து நிற்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன். உண்மையில் அந்தக் குழம்பைச் சரோஜா வைப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

ஜமாலின் தங்கை பாத்திமா அங்கேயே இருந்தாள். பாக்கு நீரிணைப் பக்கம் திருப்பாலைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அண்ணனை அழைப்பது போலவே என்னையும் காக்கா என்றுதான் அழைத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் ஊரில் பொதுச்சோறு இருக்கிறதாம், ஐம்பது அறுபது பேர் சாப்பிடுவார்களாம், நான்தான் வந்து குழம்பு வைக்க வேண்டுமாம். ஜமால் சிரித்த சிரிப்பில் நான் ஒத்துக்கொண்டேன். சிக்கல்காரர் அன்பு மிகுந்து, வீட்டில் இடித்த மிளகாய்ப்பொடி ஒரு பை கொடுத்தார்.

சனிக்கிழமை கிளம்பினேன். ராமநாதபுரத்தில் பஸ் மாறி, ஜன்னலோர இடம் பிடித்து, தேவிபட்டினம் வரைக்கும் உப்பளங்களையும் கருவேலங்காட்டையும் பார்த்துக்கொண்டு வந்தவன், காற்றில் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பினார்.

"பாலைக்குடி எப்பவோ போயிருச்சே, உப்பூர் வந்தாச்சு. கூவுனேனே. நீங்க தலையை ஆட்டுனீகளே."

தூக்கத்தில் ஆட்டியிருப்பேன். இறங்கி நின்றேன். எங்கள் ஊரில் போனைத் தட்டினால் கார் வரும். வந்த கார்க்காரர் இறங்கும் வரை வாய் திறக்க மாட்டார். இங்கே கார் வரவில்லை. ஆனால் நின்றிருந்த எல்லோரும் வாய் திறந்தார்கள். நான் எங்கே போக வேண்டும், யார் வீட்டுக்கு, பாத்திமா எனக்கு என்ன முறை, மலேசியாவில் தங்கம் என்ன விலை எல்லாம் பேசி முடித்து, ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிற ஒரு குட்டியானை வண்டியைக் கை நீட்டி மறித்துக் கொடுத்தார்கள். முன் ஸீட்டில் டிரைவரின் மாமியார் இருந்ததால் எனக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகளின் மேல் இடம். வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தேன். முன்னால் மாமியார் மருமகனிடம், "பாவம்ப்பா, அந்தாளு குளிர்ல ஒடுங்கிப் போயிறப்போறாரு" என்றதும், "ஏசி மெக்கானிக்காம், பழக்கமாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதும் கேட்டன. திருப்பாலைக்குடியில் இறங்கும்போது என் பின்பக்கம் முழுக்க ஈரம், ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் என் மேல் திடீர்ப் பாசம்.

பாத்திமா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரரின் கைலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, பசியாறச் சொல்லிவிட்டுப் பிறகுதான் சிரித்தாள்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அவளோடு பக்கத்து வீட்டுச் செல்வியும் வந்தாள். செல்வியின் கணவர் நாட்டுப்படகில் போகிறவர். கடலைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். அலையே இல்லை. குளம் மாதிரி கிடந்தது. கீழக்கரைக் கடலாவது கொஞ்சம் சத்தம் போட்டது. நான் இதைச் சொன்னதும் செல்வி விளக்கினாள். அந்தப் பக்கம் இருப்பது ஆண் கடலாம், இது பெண் கடலாம், அதனால்தான் இந்த அமைதியாம். "கோவம் வந்தா ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, மேட்டில், தூண்கள் மேல் நிறுத்திய ஒரு பெரிய கான்கிரீட் கட்டடம் இருந்தது. புயலுக்கு ஜனங்களைத் தங்கவைக்க அரசு கட்டியது. ஊரில் அதற்குப் பெயர் புயல் கட்டடம். மறுநாள் சமையல் அங்கேதான் என்றார்கள். எதற்கு இத்தனை படி ஏறிப் போய்ச் சமைக்க வேண்டும், கீழேயே அடுப்பு மூட்டலாமே என்று நான் விவரம் தெரியாமல் கேட்டேன். அப்போதுதான் பாத்திமா எல்லாவற்றையும் சொன்னாள்.

கொஞ்ச வருஷத்துக்கு முந்தி ஓர் ஐப்பசியில் இங்கே புயல் அடித்திருக்கிறது. கடலோரத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் அந்தக் கட்டடத்தில் ஏற்றிவிட்டார்கள். விடிகிற வரை காற்று. ஜன்னல் ஒன்று பெயர்ந்து உள்ளே விழுந்தது. விடிந்த பிறகும் மழை நிற்கவில்லை. பிள்ளைகள் பசியில் அழ, ராக்கு என்கிற பெண் அண்டாவை ஏற்றிக் கஞ்சி காய்ச்சத் தொடங்கினாள். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அவள் கைதான் அடுப்படியில். அவள் கணவர் முனியசாமி, படகுகளை இன்னும் மேலே இழுத்துக் கட்ட வேண்டும் என்று வேறு இரண்டு பேரோடு முதல் நாளே இறங்கிப் போனவர். அந்த இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. ராக்கு கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது, சமையல் அறை வாசலில் வைத்துத்தான் அவர் இறந்த சேதியை அவளிடம் சொன்னார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் கால் வைக்கவில்லை. யாருக்கும் சமைக்கவும் இல்லை.

அவள் மட்டும் அல்ல. ஊரே என்னவோ ஆகிவிட்டது என்றாள் பாத்திமா. பிள்ளைகள் அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். இடி இடித்தால் பெரியவர்களே தூணைப் பிடித்தார்கள். செல்வியின் கணவர் முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தார். அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது, புதுப் படகுக்கும் வழி பிறந்தது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகர் வந்தார். சின்ன வயதுப் பெண். இவர்கள் வைத்த பெயர் மனசு டீச்சர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தடவை வந்தபோது பாத்திமா வீட்டுக் கொல்லையில் பெண்கள் ஏதோ ஒரு தர்காக் கந்தூரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தனக்கும் ஒரு கத்தி கேட்டு வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

"வெங்காயம் உரிச்சா, அழுகுறதுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்ல காக்கா" என்றாள் பாத்திமா.

அன்று டீச்சர், கடைசியாக எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டது எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் என்றார்கள். காற்று இல்லாத ஒரு நாளில் அங்கே போய் மறுபடி சாப்பிட்டால் என்ன என்றார் டீச்சர். பாத்திமா பஞ்சாயத்தில் போய்ச் சாவி கேட்டாள். புயலுக்குத்தான் திறப்போம் என்றார்களாம். புயல் இன்னும் போகவில்லை என்று இவள் சொல்லிச் சாவியை வாங்கி வந்தாளாம்.

முதல் ஞாயிறு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். பிள்ளைகள் யாரும் ஏறவில்லை. செல்விதான் அப்பளம் பொரிக்க ஆரம்பித்தாள். வாசம் படி வழியே இறங்கியது. பிள்ளைகள் ஒரு படி ஏறி, இரண்டு படி ஏறி, வாசலில் நின்று, அப்புறம் உள்ளே வந்துவிட்டார்கள். இப்போது கட்டடத்தைப் பூட்ட விடுவதில்லை. மொட்டைமாடியில் பட்டம் விடுகிறார்கள், உள்ளே கேரம் ஆடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் நானும் என் கதையைச் சொன்னேன். எங்கள் ஊர் வெள்ளத்தில் என்னையும் சரோஜாவையும் ஒரு பொது மண்டபத்தில் தங்கவைத்தார்கள். மெத்தை, போர்வை, பால்பவுடர், எதற்கும் குறைவில்லை. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் கேட்டைச் சாத்திக்கொண்டோம். இன்றைக்கும் அந்த மண்டபத்துச் சாலை வழியாக நான் போவதில்லை. சுற்றித்தான் போகிறேன். மழை பெய்தால் எழுந்து போய்ச் சாக்கடையைப் பார்க்கிறேன். இதை நான் சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் எழுந்து உட்கார்ந்திருப்பாள்; அவளும் சொன்னதில்லை.

பாத்திமா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப நாளைக்கு வெங்காயம் நீங்க உரிங்க" என்றாள்.

ராக்கு விஷயத்தில் அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். யாரும் போய் வா வா என்று இழுப்பதில்லை. எப்படி இருக்கே என்று கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோறும் குழம்பும் ஒரு தூக்குவாளியில் அவள் வீட்டுக்குப் போகும். செல்விதான் கொண்டுபோவாள். மறுநாள் வாளி கழுவித் திரும்பும். அதில் ஒரு கை முருங்கைக்கீரையோ இரண்டு எலுமிச்சம்பழமோ இருக்கும். "வாளி வெறுசா வந்தாத்தாண்ணே பயப்படணும்" என்றாள் செல்வி. இதுவரை வெறும் வாளி வந்ததில்லை.

ஞாயிறு காலை. கடல் அப்போதும் குளம்தான். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தேன். சின்ன வெங்காயம். ஒரு முறம் முடிவதற்குள் கண்ணீர் தாரையாக ஓடியது. பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் வீட்டுக் கூரை பறந்ததைச் சொன்னாள். இன்னொருத்தி, புயலில் காணாமல் போன தன் வீட்டு ஆடு பக்கத்து ஊரில் இன்னொருத்தர் வீட்டு ஆடாக வாழ்வதைச் சொன்னாள். நான் என் கடையில் மிதந்த கார் ஸீட்டுகளைச் சொன்னேன். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். வெங்காயத்தால்தானா என்று யாரும் கேட்கவில்லை.

அதுவரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு நான் அடுப்புக்கு வந்தேன்.

செல்வியின் கணவர் நல்ல பாறை மீனாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். அவர் இப்போது முழங்கால் தண்ணீரைத் தாண்டிவிட்டார். அண்டா, நான் நின்றால் என் இடுப்புக்கு வந்தது. எங்கள் வீட்டுச் சட்டிக்குச் சரோஜா எவ்வளவு பொடி போடுவாள் என்று நினைத்து, அதை ஐம்பதால் பெருக்கினேன். சிக்கல்காரரின் பை அநேகமாகக் காலியானது. கொதி வரும் முன்னாலேயே மீனைப் போட்டேன். ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் கரண்டியால் கிண்டினேன். கொதிக்கிற குழம்பில் தேங்காய்ப்பாலை விட்டேன். அது திரிந்து வெள்ளைத் திப்பியாக மேலே மிதந்தது. வெண்டைக்காய் கரைந்து காணாமல் போயிற்று. அடியிலிருந்து தீய்ந்த வாசம் வந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். காது அடைத்துக்கொண்டது.

பெண்கள் அண்டாவைச் சுற்றி வந்து நின்றார்கள். கீழே தட்டுகளோடு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பாத்திமா கரண்டியால் ஒரு மீன் துண்டைத் தூக்கினாள். அது இரண்டாகி விழுந்தது. அவளும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வி படியிறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் வேகமான காலடிச் சத்தம். ஐம்பதை நெருங்கிய ஒரு பெண் ஏறி வந்தாள். குளித்த ஈரத்தலை, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள், கையில் ஒரு மாங்காய்க் கொத்து. யாரையும் பார்க்காமல் நேராக அண்டாவுக்கு வந்தாள்.

"மீனைக் கரண்டியப் போட்டுக் கிண்டுவாகளா?"

கேள்வி என்னிடம் இல்லை, அண்டாவிடம். அடுப்பில் எரிந்த விறகில் பாதியை வெளியே இழுத்தாள். ஒரு தட்டு கேட்டாள். உடையாத மீனை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தாள். அடியைக் கிளறாமல் மேற்குழம்பை மட்டும் வேறு அண்டாவுக்கு மாற்றச் சொன்னாள். மாற்றினோம். புளி கரைக்கச் சொன்னாள். கரைத்தோம். வெங்காயமும் தேங்காயும் அரைத்துக் கொண்டுவரச் சொன்னாள். மிக்ஸியை நோக்கி மூன்று பேர் ஓடினார்கள். மாங்காயைத் தானே கீறிப் போட்டாள். எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்: ஓரமாக நிற்பது.

குழம்பு மெல்ல அடங்கிக் கொதிக்க ஆரம்பித்தது. நிறம் மாறியது. வாசமும் மாறியது. மீனைத் திரும்ப இறக்கிவிட்டு, அண்டாவை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அப்போதுதான் அவள் வாசலைப் பார்த்தாள்.

அன்று அவளிடம் சேதி சொன்ன வாசல் அதுதான் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மிக்ஸி நின்றது. நான் ஒருவன்தான் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். பாத்திமா கண்ணாலேயே என்னை நிறுத்தினாள். யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் அறையை விட்டு ஒருவரும் போகவில்லை.

ராக்கு வாசலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்குக் கஞ்சியப் பாதியில போட்டுட்டுப் போயிட்டேனே. பிள்ளைக பசியாவா கெடந்துச்சுக?"

இத்தனை நாளும் அவள் மனதில் வைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். செல்விதான் பதில் சொன்னாள்.

"நான் கிண்டுனேன்க்கா. அடிப்பிடிச்சுப் போச்சு. உப்பும் ரெண்டு தடவை போட்டுட்டேன்."

"அதையா குடிச்சீக?"

"குடிச்சோம். எம்மகன் ரெண்டாவது தடவை கேட்டான்."

ராக்கு கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அப்புறம் அழுதாள். பெரிய அழுகை, எனக்குக் கேட்டுப் பழக்கமில்லாத அழுகை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். வாசலில் தட்டோடு நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. கொஞ்சம் அடங்கியதும் பாத்திமா அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டாள்.

"உப்புப் பாரு ராக்கு."

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நக்கிப் பார்த்தாள். "கொஞ்சம் போடணும்" என்றாள். எழுந்து போய்த் தானே போட்டாள்.

அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன் என்று சொன்னால் நம்புங்கள். கல்யாண வீட்டு நெய்ச்சோறு நல்லதுதான். ஆனால் அந்த மாங்காய் மீன் குழம்பு ஊற்றிய சுடுசோற்றின் முன்னால் அது இரண்டாவதுதான். உறைப்பு இருந்தது, எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டார்கள். ராக்கு கரண்டியோடு வரிசையில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் தட்டருகே வந்தபோது, இன்னொரு துண்டு வைக்கவா என்று கேட்டாள். வைத்தாள். போகும்போது எல்லோருக்கும் பொதுவாக, அடுத்த வாரம் தன்னைக் கேட்காமல் யாரும் மீனை அடுப்பில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பாத்திமாவிடம் கேட்டேன். இது முதலிலேயே போட்ட திட்டம்தானே, என்னை வைத்து நாடகம் ஆடினீர்கள்தானே என்று. அவள் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

"இவ்வளவு மோசமாச் சமைப்பீகன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் காக்கா?"

செல்வி மட்டும் ஒன்று ஒத்துக்கொண்டாள். உப்பும் புளியும் சேர்த்தால் குழம்பை அவர்களே ஓரளவு தேற்றியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு கோபம் வந்ததாம், நல்ல மீன் இப்படி ஆனதே என்று. அந்தக் கோபத்தை யாரிடம் சொன்னால் புரியும் என்று யோசித்தபோது கால் தானாக ராக்கு வீட்டுக்குப் போனதாம். போய், ஆறுதலோ அழைப்போ எதுவும் சொல்லவில்லை. மலேசியாக்காரர் மீனைக் கெடுத்துவிட்டார் என்று மட்டும் சொன்னாளாம். ராக்கு மரத்திலிருந்து மாங்காயைப் பறித்துக்கொண்டு முன்னால் நடந்தாளாம்.

அன்றைக்குச் சரோஜாவுக்குப் போன் போட்டேன். குழம்பு விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு மண்டபத்துச் சாலையைப் பற்றிச் சொன்னேன். தானும் அந்தப் பக்கம் போவதில்லை என்றாள். இத்தனை வருஷமும் மார்க்கெட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சுற்றி நடந்திருக்கிறோம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பாத்திமா கட்டிக்கொடுத்த பொட்டலங்கள் பெட்டியை விடக் கனத்தன. வழியில் புயல் கட்டடம். அன்று சமையல் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். ஆனால் மேலே ஏதோ தேய்க்கிற சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன்.

ராக்கு தனியாக இருந்தாள். நான் தீய்த்த அண்டாவைச் சாய்த்துப் போட்டு, அதற்குள் பாதி உடம்பை நுழைத்து, தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கடற்காற்று உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெட்டியை வைத்துவிட்டு, இன்னொரு பிடி நாரை எடுத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் தேய்த்தோம். கறுப்பு லேசில் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அண்டாவுக்குள்ளிருந்து அவள் குரல் முழங்கிக்கொண்டு வந்தது.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். அடுப்புல என்ன இருந்தாலும் வந்து கிண்டாம இருக்க மாட்டாரு. எத்தனை நாளு கரண்டியாலயே கையில போட்டுருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அண்டா அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கிக் கொடுத்தது. அப்புறம் அவர் என்னென்ன கெடுத்தார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். ரசத்தைக் கெடுத்தது, நண்டைக் கெடுத்தது, மகள் சடங்குக்கு வைத்த பாயசத்தில் போய் உப்பைப் போட்டது.

கீழே ரோட்டில் என் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"போயிருச்சே. அடுத்த வண்டி வர நேரமாகும்."

"வரட்டும்" என்றேன். "பாயசத்தை அப்புறம் என்ன செஞ்சீங்க?"